மணியில்லாத் தாயின் வழக்கு

ஒரு கலைப்படைப்பு எங்கே பிறந்தது, யாருடைய மூலதனத்தில் பிறந்தது என்று கேட்பதில் பிழையில்லை. அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதே பிழை. அமெரிக்கத் தொலைக்காட்சி என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர் உளர். சவர்க்கார விளம்பரத்துக்கும் மோட்டார் வண்டி விளம்பரத்துக்கும் நடுவே துண்டு துண்டாகக் காட்டப்படும் கதையில் மானுடத்துக்கு என்ன செய்தி இருந்துவிடப் போகிறது என்பது அவர்களது வாதம். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். எனினும் வியாபாரிகளின் சந்தையிலும் சில வேளைகளில் நல்ல தானியம் வந்து சேர்கிறது. சந்தையின்மீது கொண்ட கோபத்தில் தானியத்தைத் தெருவில் கொட்டுவது விவேகமன்று.

அப்படி வந்து சேர்ந்த ஒரு கதையைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம். 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரில், 1967ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஒளிபரப்பான 'இருளில் ஒரு பேய்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய கதை அது. எழுதியவர் ஜீன் கூன். இயக்கியவர் ஜோசப் பெவ்னி. அந்த மாதத்தில் ஏறக்குறைய நான்கு இலட்சம் அமெரிக்கப் படையினர் வியட்நாமிய மண்ணில் நின்றிருந்தனர். கதை ஒளிபரப்பாகி நான்கு வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 4ஆம் நாள், மார்ட்டின் லூதர் கிங் நியூயோர்க் தேவாலயமொன்றில் நின்று அந்தப் போரை வெளிப்படையாகக் கண்டித்தார். காட்டில் ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத, மனிதனாகவே மதிக்கப்படாத ஓர் எதிரியைப் பற்றி ஒரு தேசமே நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது.

இலங்கையில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. 1979இல்தான் அது இங்கு வந்தது. ஆயினும் இக்கதைக்கும் இந்தத் தீவுக்கும் ஓர் உறவு உண்டு. 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையையே தம் வீடாகக் கொண்டிருந்த விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அந்தப் பழைய தொடரில் தமது நினைவில் நிற்பது இந்த ஒரு கதைதான் என்று 1995இல் குறிப்பிட்டார். விசித்திரமானது, ஏன், ஆபத்தானதுங்கூட, தீய எண்ணம் உடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இக்கதை உணர்த்தும் இந்தப் பாடத்தை இன்றைய அரசியல்வாதிகள் பலர் இன்னும் கற்கவில்லை என்பது அவரது கருத்து. எந்த நாட்டு அரசியல்வாதிகளை அவர் மனத்தில் கொண்டிருந்தாரோ, நாம் அறியோம். அந்த 1995இல்தான் இங்கே ஏப்ரல் மாதம் பேச்சுவார்த்தை முறிந்தது. ஆண்டு முடிவதற்குள் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் மூட்டை முடிச்சுகளோடு வீதியில் நடந்தனர். அந்த ஆண்டில் இந்தத் தீவில் இருந்தபடி சொன்ன வார்த்தையை வெறும் இரசனைக் குறிப்பாக நம்மால் கொள்ள முடியவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். ஜேனஸ் என்பது தொலைதூரத்துக் கிரகம். அதன் பாறைகளைக் குடைந்து, பெர்ஜியம் என்ற கனிமத்தைத் தோண்டி எடுக்கும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று அங்கே இருக்கிறது. பல உலகங்களின் உலைகள் அந்தக் கனிமத்தை நம்பி எரிகின்றன. ஆழத்தில் புதிதாக ஒரு மட்டத்தைத் திறந்த நாள் முதலாக விபரீதம் தொடங்குகிறது. இருளில் ஏதோ ஒன்று வருகிறது. கடும் அமிலம் பட்டாற்போல் மனிதர் கருகி மடிகின்றனர். ஐம்பது பேர்வரை மாண்டு போகின்றனர். இயந்திரங்கள் அரிக்கப்படுகின்றன. சுரங்கத்தின் அதிகாரி வாண்டர்பேர்க் உதவி கேட்கிறார். கப்டன் கேர்க்கின் விண்கலம் வந்து சேர்கிறது.

அதிகாரியின் மேசையின் மேல் உருண்டையான கல் ஒன்று அலங்காரத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது. புதிய மட்டத்தில் இத்தகைய கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன என்றும், அவற்றுக்கு வியாபார மதிப்பு எதுவும் இல்லை என்றும் அவர் சொல்கிறார். கதையின் தொடக்கத்திலேயே நம் கண்முன் அது வைக்கப்பட்டுவிடுகிறது. நாமும் அதிகாரியைப் போலவே அதைப் பார்க்காமல் பார்க்கிறோம்.

பேய் எனப்பட்டது ஓர் உயிர். 'ஹோர்ட்டா' என்பது அதன் பெயர். நம்மைப் போலக் கரியணுவின் மேல் கட்டப்படாமல், மணலிலும் பாறையிலும் உள்ள சிலிக்கனின் மேல் கட்டப்பட்ட உயிர். மீன் நீரில் செல்வதைப் போல அது பாறைக்குள் செல்கிறது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் மடிய, ஒரே ஒருத்தி மட்டும் எஞ்சி, அடுத்த தலைமுறையின் முட்டைகளைக் காத்து நிற்பாள். அந்த உருண்டைக் கற்களே முட்டைகள். மதிப்பற்றவை என்று தொழிலாளர் உடைத்தும் அகற்றியும் தள்ளியவை அவளது பிள்ளைகள். அவள் தனியொருத்தி. ஒளிந்திருந்து கொன்றவளும் அவளே. ஆயிரமாயிரமாய்ப் பறிகொடுத்தவளும் அவளே.

இந்த அளவோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல நீதிக்கதை. ஆசிரியர் அதற்கு மேலே செல்கிறார். கேர்க்கும் அவனது துணை அதிகாரியான ஸ்பொக்கும் வேட்டைக்குப் புறப்படும்போது, இந்த இனத்தில் எஞ்சியிருப்பது இது ஒன்றாகவே இருக்கலாம், கொன்றுவிடாமல் பிடிக்க முயல்வோம் என்கிறான் ஸ்பொக். அவன் அறிவின் குரல். கேர்க் மறுக்கிறான்; ஐம்பது உயிரைப் பலிகொண்டதைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்பதே அவனது கட்டளை. பின்னர் சுரங்கத்தின் கிளைகளில் இருவரும் பிரிகின்றனர். பாறை சரிந்து வழி அடைபட, கேர்க் அந்த உயிரோடு நேருக்கு நேர் தனித்து நிற்கிறான். ஆயுதத்தைக் கண்டதும் அது பின்வாங்குகிறது, தாக்கவில்லை. அதன் உடலில், முன்பு பட்ட காயம் தெரிகிறது. இதைக் கேர்க் தொலைபேசிக் கருவியில் சொன்ன மறுகணம், சற்று முன் கருணை பேசிய ஸ்பொக், "உடனே கொன்றுவிடுங்கள்" என்ற பொருளில் பதறுகிறான். கொல்லச் சொன்னவன் தயங்குகிறான்; காக்கச் சொன்னவன் கொல்லச் சொல்கிறான்.

இந்த மாற்றத்தில் மனித இயல்பைப் பற்றிய ஓர் ஆழ்ந்த உண்மை அடங்கியிருக்கிறது. ஸ்பொக்கின் கருணை பொய்யன்று. அது கருத்தளவில் உண்மையானது. ஆனால் தன் நண்பனின் உயிர் தராசில் ஏறியதும் கருத்து கனமற்றுப் போகிறது. கேர்க்கின் சினமும் பொய்யன்று. ஆனால் எதிரே நிற்கும் உடலின் காயத்தைக் கண்டபின் அச்சினம் தன் பிடியை இழக்கிறது. தூரத்தில் இருந்துகொண்டு நியாயம் பேசுவது எளிது. தூரத்தில் இருந்துகொண்டு வெறுப்பதும் அவ்வளவே எளிது. நம் பத்திரிகைகளில் வெளியாகும் மனிதாபிமானக் கட்டுரைகளை (இதையும் சேர்த்தே சொல்கிறோம்) இந்தக் காட்சியை நினைவில் இருத்திக்கொண்டு படிப்பது நன்று.

அதன்பின் ஸ்பொக், தன் இனத்தவருக்கு வாய்த்த ஓர் ஆற்றலால் அந்த உயிரின் மனத்தைத் தொடுகிறான். முதலில் அவனுக்குக் கிடைப்பது சிந்தனை அல்ல, வலி. வலியால் அலறுகிறான். அவன் விலகிய பின், அந்த உயிர் அவனிடமிருந்து அறிந்த மொழியைக் கொண்டு, பாறையின்மேல் தன் அமிலத்தால் மூன்றே சொற்களைப் பொறிக்கிறது. மறுப்புச் சொல் ஒன்று, கொலை என்பது ஒன்று, தன்னைச் சுட்டும் சொல் ஒன்று. இலக்கணமற்ற ஆங்கிலம். "நான் கொல்லமாட்டேன்" என்கிறதா, "என்னைக் கொல்லாதே" என்கிறதா? கேர்க்குக்கு விளங்கவில்லை, கதை இறுதிவரை விளக்கவும் இல்லை. தமிழாசிரியர்கள் இதை மொழிபெயர்க்க முயன்று பார்க்கலாம். நம் மொழியில் கொல்லேன் என்றால் ஒன்று, கொல்லாதே என்றால் மற்றொன்று. விகுதி வந்து நின்று, வாக்குறுதியா வேண்டுகோளா என்று தீர்ப்பளித்துவிடும். அந்தப் பாறை எழுத்தோ தீர்ப்பளிக்க மறுக்கிறது. இரு தரப்பும் ஆயுதம் ஏந்தி நிற்கும் இடத்தில் வாக்குறுதியும் வேண்டுகோளும் ஒரே சொல்லாகத்தான் வெளிவர முடியும் போலும். சமாதான ஒப்பந்தங்களை வரையும் சட்ட நிபுணர்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதும் இதைத்தானே?

இந்தத் தாயைப் பார்க்கும்போது நம் நினைவுக்கு இயல்பாகவே வருவது வேறொரு தாய். தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு, அரண்மனை மணியை அடித்து நீதி கேட்ட கதையைச் சோழ நாட்டில் மனுநீதிச் சோழனோடு இணைத்துச் சொல்வர். அதே கதையை, அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் சொல்கிறது. தன் சமயத்தைச் சாராத, படையெடுத்து வந்த, தன் காவிய நாயகனுக்குப் பகைவனான ஓர் அரசன் நீதிமானாக இருந்தான் என்பதை மறைக்க அந்தப் பிக்குவுக்கு மனம் வரவில்லை. இனப்பகைக்கு எண்ணெய் வார்க்க மகாவம்சத்தைத் தூக்கிப் பிடிப்போர் இந்தப் பகுதியை ஏனோ உரக்கப் படிப்பதில்லை. அது கிடக்கட்டும். அந்தப் பசுவுக்கு அடிப்பதற்கு ஒரு மணி இருந்தது. முறையிட ஓர் இடம் இருந்தது. முறையீட்டைக் கேட்க ஒருவன் இருந்தான். ஜேனஸின் தாய்க்கு மணி இல்லை. அவள் எழுப்பக்கூடிய ஒரே ஓசை, மனிதனைக் கருக்கும் அமிலம். முறையிட வழியற்ற உயிர்கள் எழுப்பும் ஓசை எப்போதும் நமக்குத் தாக்குதலாகவே கேட்கிறது.

இங்கே நண்பர்கள் சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். மாண்ட தொழிலாளரின் நியாயம் எங்கே போயிற்று என்பதே அது. நல்ல கேள்வி. கதையில் நாம் காணும் பெருங்குறையும் இதுவே. தடிகளை ஏந்தி, காவலரைத் தாக்கிவிட்டு, பழிவாங்க ஓடிவரும் வெறிக் கூட்டமாகத்தான் தொழிலாளர் காட்டப்படுகின்றனர். அவர்கள் யார், எந்தக் கூலிக்காக அந்த இருளுக்குள் இறங்கினர், ஆழத்தில் புதிய மட்டத்தைத் திறக்கச் சொன்னது யார் என்று கதை கேட்பதில்லை. முட்டையை உடைத்த கை தொழிலாளியுடையது; அதை உடைக்கச் செய்த தேவை எங்கோ தொலைவில், கனிமத்துக்காகக் கூச்சலிடும் உலகங்களுடையது. அமிலத்தில் கருகியவர் அந்த உலகங்களின் முதலாளிகள் அல்லர். இரண்டு தரப்பிலும் பலியானோர் பலியாகவே இருக்க, கணக்குப் புத்தகம் வைத்திருப்பவன் காட்சிக்குள்ளே வரவே இல்லை. இதை அமெரிக்கத் தொலைக்காட்சியிடம் எதிர்பார்ப்பது மிகை என்பீர்கள். இருக்கலாம். ஆயினும் கதை விட்டுச் சென்ற இடைவெளியை நாம் நிரப்பிப் படிக்க வேண்டும்.

நமக்கு அந்த இடைவெளியை நிரப்பத் தொலைவுக் கிரகம் எதுவும் தேவையில்லை. மாத்தளை மாவட்டத்தில், கலேவெலவுக்கு அண்மையில் உள்ள வஹகோட்டையிலிருந்து இதை எழுதுகிறோம். வடக்கே தம்புள்ளையும் சீகிரியாவும் ஹபரணையும் விரிந்து கிடக்கும் அந்த உலர்வலயத்தில், இரவு என்றால் என்ன என்பதைச் சேனைப் பயிர் செய்யும் குடியானவனிடம் கேட்டறியலாம். பரணில் ஏறிக் கண்விழித்து, யானைவெடி கொளுத்தி, தன் ஆண்டு உழைப்பைக் காத்துக்கொள்ள முயல்பவன் அவன். ஒரே இரவில் யானை அதை மிதித்து அழித்துவிடும். சில இரவுகளில் அவனையும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் மாண்டனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த காட்டுயானைகள் 5,879 என்பதை இத்துடன் வைத்துப் பாருங்கள். துப்பாக்கி, கள்ளத்தனமாக இழுத்த மின்கம்பி ஆகியவற்றோடு, பூசணிக்காய்க்குள் வெடிமருந்தைப் புதைத்து வைக்கும் 'ஹக்கபட்டாஸ்' என்ற கொடூரமும் உண்டு. கடித்தவுடன் வாய் சிதறி, உண்ண முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து யானை சாகிறது, பெரும்பாலும் குட்டிகள்.

குடியானவனைக் கொடியவன் என்று கொழும்பிலிருந்து எழுதுவோரை நாம் ஏற்பதற்கில்லை. யானையைப் பேய் என்பவரையும் ஏற்பதற்கில்லை. யானை தான் பிறந்த நிலப்பரப்பைத் தன் நினைவில் சுமந்து திரியும் விலங்கு. பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது சக ஆய்வாளர்களும் யானைகளின் கழுத்தில் கருவிகளைப் பூட்டி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்ட உண்மை இது: ஓரிடத்தில் பிடித்து மற்றோரிடத்துச் சரணாலயத்தில் கொண்டுபோய் விட்ட யானைகள் அங்கே அடங்கி இருப்பதில்லை, பல திரும்பி நடக்கின்றன, அல்லது புதிய இடத்தில் புதிய மோதலைத் தொடங்குகின்றன. 1970களின் இறுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் காடுகளைத் திறந்து, காணியற்ற மக்களை அங்கே குடியேற்றியது. 2017இல் இந்த மாவட்டத்திலேயே மொறகஹகந்தை நீர்த்தேக்கத்தில் நீர் தேக்கப்பட்டது. நீரும் நிலமும் மக்களுக்கு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் வரைபடத்தில் கோடு போட்ட மேசைகளில், யானையின் பாதை ஒன்று அங்கே கிடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? வாண்டர்பேர்க்கின் மேசையில் கிடந்த உருண்டைக் கல்லைப் போலத்தான். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் மாண்டபோதும், வழி தவறியது யானை என்றே சிலர் பேசினர். தண்டவாளம் எவ்வழியே போடப்பட்டது என்று கேட்டவர் குறைவு.

ஆக, கதையின் முதல் பாடம் நமக்குத் தெளிவாகவே இருக்கிறது: பேய் என்ற சொல்லை உச்சரிக்குமுன், நாம் உடைத்தது என்ன என்று தேடு. இதில் சர்ச்சைக்கு இடமில்லை. நாம் முக்கியமாக ஆராய விரும்புவது கதையின் முடிவை.

முடிவு இதுதான். ஹோர்ட்டாவின் குஞ்சுகள் பொரிந்து வெளிவரும். அவை பாறையைத் தம் இயல்பாலேயே குடைந்து செல்லும். அப்பாதையில் வெளிப்படும் கனிமங்களைத் தொழிலாளர் அள்ளிக்கொள்வர். இரு தரப்பும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யமாட்டார்கள். கதை முடியும்போது வாண்டர்பேர்க் குதூகலமாகச் செய்தி அனுப்புகிறார். பொன்னும் பிளாட்டினமும் கொட்டுகின்றன. எல்லோரும் பெருஞ்செல்வர் ஆகப்போகிறார்கள். கலத்தில் எல்லோரும் சிரிக்கின்றனர்.

நம்மால் அவ்வளவு எளிதில் சிரிக்க முடியவில்லை. நேற்றுவரை பேய்; இன்று கூலி கேளாத சுரங்கத் தொழிலாளி! அந்தக் குஞ்சுகள் பொன்னை வெளிப்படுத்தாமல் வெறும் மண்ணைக் குடைந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பாறையைக் குடையாமல் சும்மா உண்டு உறங்கித் திரியும் இனமாக இருந்திருந்தால்? ஓர் உயிர் வாழும் உரிமையைப் பெறுவதற்கு, முதலில் அது மற்றவனுக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் கதையின் தீர்ப்பா? அப்படியானால் அது அறமன்று, பேரம்.

பயன் என்பது எவ்வளவு பொல்லாத பாதுகாப்பு என்பதை மாத்தளை மண்ணைப் போல் அறிந்த மண் வேறில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோரின் எலும்புகள் அந்த வழியெங்கும் கிடந்தன. எஞ்சியோர் மலையைக் காடழித்துத் தோட்டமாக்கினர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் அவர்களது உழைப்பே நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கி நின்றது. பயனைப் பற்றி எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களது வாக்குகள் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வாக்கும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் கணக்கு பின்னொரு நாளைக்கு. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு வர 2003ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டவர்களின் கதி இது. பயன் கருதித் தரப்படும் இடம், பயன் கருதியே பறிக்கப்படும். கொழுந்து பறித்த கைக்குத் தேயிலைச் சந்தையில் விலை இருந்தது; வாக்குச்சாவடியில் அதே கை அபாயமாகத் தெரிந்தது. ஹோர்ட்டாவின் குஞ்சுகள் ஒரு நாள் பொன்னில் பங்கு கேட்டால் வாண்டர்பேர்க் என்ன செய்வார் என்று கற்பனை செய்து பாருங்கள். அந்தக் கதையை எந்தத் தொலைக்காட்சியும் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு இக்கதையை நாம் ஏன் போற்றுகிறோம்? கதையின் நிகழ்ச்சிகளை அவற்றின் வரிசையில் மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி கேட்கிறோம். தடிகளோடு தொழிலாளர் குகைக்குள் பாய்கின்றனர். அடிபட்ட தாய் தரையில் கிடக்கிறாள். கேர்க் தன் ஆயுதத்தைத் தன் இனத்தவரை நோக்கியே திருப்பி, முதலில் சுடுபவன் மடிவான் என்கிறான். பின்னர்தான் முட்டைகளின் உண்மையைச் சொல்கிறான். அதைக் கேட்டு அவர்கள் திகைத்து நின்ற பிறகுதான், 'அப்படியானால் எங்கள் பெர்ஜியம் என்னாவது' என்ற கேள்வி வருகிறது. பேரம் அதற்கும் பிறகு. பாதுகாப்பு முன்னே நிற்கிறது. இலாபக் கணக்கு பின்னே வருகிறது. கேர்க் குறுக்கே நின்ற அந்தக் கணத்தில், அந்த உயிரால் எவருக்கும் ஒரு சதம் இலாபம் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாது. மாறாக, அவளைக் காப்பதால் சுரங்கமே மூடப்படலாம். பல உலகங்கள் இருளலாம். தெரிந்தே நிற்கிறான்.

அதேபோல, விண்கலத்தின் வைத்தியர் மெக்கோயும் பயன் கேட்கவில்லை. தான் வைத்தியனே அன்றிக் கொத்தன் அல்லன் என்று அலுத்துக்கொள்கிறார். பின்னர் கட்டடம் கட்டும் கொங்கிரீட்டைக் குழைத்து, பாறை உடலின் புண்ணில் கொத்தனைப் போலவே பூசுகிறார். காயம் ஆறுகிறது. தன் நூலில் இல்லாத உயிருக்குத் தன் நூலில் இல்லாத மருந்து. தன் தொழிலில் அவருக்கு உள்ள பெருமிதம் அந்தக் காட்சியில் தெறிக்கிறது. நாம் பார்த்தவற்றில் உழைப்பின் கண்ணியத்தை இவ்வளவு வேடிக்கையாகவும் இவ்வளவு உண்மையாகவும் காட்டிய காட்சி குறைவு.

கதையாசிரியர் தம் முடிவில் பேரத்தைச் சேர்த்தது, பார்வையாளரைச் சிரித்த முகத்தோடு விளம்பரத்துக்கு அனுப்பவேண்டும் என்பதற்காக இருக்கலாம். அல்லது, சமாதானம் என்பது ஒருவரது நல்ல மனத்தில் மட்டும் நிற்காது, இரு தரப்பும் உண்ண ஏதேனும் இருக்கவேண்டும் என்று அவர் உண்மையாகவே எண்ணியிருக்கலாம். இரண்டாவது எண்ணத்தை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. பசித்தவனிடம் வெறும் அறம் பேசுவது நம் வழக்கமுமன்று. ஆனால் இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து வைத்துப் பார்க்கவேண்டும். இணைந்து வாழும் ஏற்பாடு ஒன்று. வாழ உரிமை உண்டு என்ற ஒப்புதல் வேறொன்று. ஏற்பாட்டில் பேரத்துக்கு இடமுண்டு. ஒப்புதலில் இல்லை. மலையகத்தில் முதலாவது மட்டும் இருந்தது. அதனால் ஒரு சட்டம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று.

வஹகோட்டை வேறொரு வகையில் நமக்கு இதைச் சொல்கிறது. இவ்வூரின் கத்தோலிக்கர், கண்டி மன்னரால் இங்கே குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என்பது அறியப்பட்ட செய்தி. போர்த்துக்கேயர் கண்டியருக்குச் சாதாரணப் பகைவரா? கோயில்களை இடித்தவர்கள், ஊர்களைக் கொளுத்தியவர்கள். 1638இல் கன்னொருவையில் அவர்களது படையை இரண்டாம் இராஜசிங்கன் அழித்தான். அந்தப் பகைவரின் மக்களுக்கே இராச்சியத்தின் உள்ளே நிலம் கிடைத்தது. கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், பௌத்த மன்னரின் நாட்டில் அது உயிர் பிழைத்தது. கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் 1692இல் கண்டியில் உளவாளி என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டு, பின்னர் அதே மன்னரின் நாட்டில் தடையின்றிப் பணியாற்றினார்.

மன்னரின் செயலை நாம் புனிதமாக்க விரும்பவில்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த கைகள் ஒல்லாந்தருக்கு எதிராக உதவும் என்ற கணக்கு அதில் இருந்திருக்கக் கூடும். அங்கேயும் பேரம்! ஆனால் அதன்பின் நடந்தது என்ன? வந்தவர் அதே நிலத்தை உழுதனர், அதே குளத்து நீரைப் பங்கிட்டனர், சிங்களம் பேசினர், உறவு கலந்தனர். துப்பாக்கியின் பயன் போய் நூற்றாண்டுகள் ஆயின. அதன் பின்னும் இவ்வூரார் இன்னும் எதற்குப் பயன்படுகின்றனர் என்று எவரும் கணக்குக் கேட்கவில்லை. ஜூன் மாதத்தில் அந்தோனியார் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கர் அல்லாதாரும் வந்து நிற்கும்போது, பறங்கி என்ற பழைய அச்சம் எவர் முகத்திலும் தென்படுவதில்லை. மலைத் தோட்டத்தில் இப்படி நேராததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். அங்கே உழைத்தவனுக்கு நிலம் இல்லை. லயத்தின் பத்தடி அறைக்குள் அவனை வைத்து, கிராமத்தானிடமிருந்து பிரித்தே வைத்தது துரைத்தன அமைப்பு. அண்டை வீட்டான் ஆவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டுமல்லவா?

யானைக்கு வீடும் வாக்கும் கொடுப்பது எப்படி என்று யாரேனும் நகைக்கலாம். நகைக்கட்டும். நம் நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. யானையைச் சரணாலயத்துக்குள் அடைக்க வேலி போடுவதை விடுத்து, வயலைச் சுற்றி வேலி போடும் முறை அது. பெர்னாண்டோவும் அவருடன் உழைப்பவர்களும் குருநாகல் மாவட்டத்துக் கிராமங்களில் அதை நடைமுறைப்படுத்திக் காட்டினர். 2020இல் அவரது தலைமையில் அமைந்த குழு வகுத்த தேசியத் திட்டத்திலும் அது இடம்பெற்றது. வேலியைப் போடுபவரும் காப்பவரும் அந்தக் கிராமத்து விவசாயிகளே. யானை இதற்குக் கைம்மாறாக எதுவும் தருவதில்லை, பொன்னும் வெளிப்படுவதில்லை. விதைத்த நாளிலிருந்து மின்வேலி வயலைச் சுற்றி நிற்கும். அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்ததும், கம்பியைக் கழற்றிச் சுருட்டி, கம்பங்களைப் பிடுங்கி அடுக்கிவிடுவார்கள். வயலில் அரிதாள் மட்டும் நிற்கும். இரவில் யானைகள் இறங்கி வந்து அதை மேய்ந்துவிட்டுப் போகும்.